கலிஃபோர்னியாவில் ஓர் எல்லைக்கோடு நகர்வது எப்படி: கவுண்டி, சிறப்பு மாவட்ட எல்லைச் சட்டங்கள்

ஒரு தீயணைப்பு மாவட்டம் பக்கத்தில் இருக்கும் குடியிருப்பு ஒன்றைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரணை முடிந்து, ஆணை கிடைத்து, கவுண்டி பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் ஆகிவிட்டது. ஆணையில் வேறு தேதி குறிப்பிடாவிட்டால், பதிவான நாளிலிருந்தே அந்தக் குடியிருப்பில் தீப்பிடித்தால் வண்டி அனுப்புவது மாவட்டத்தின் கடமை. அதற்கான வரிப்பணம் எப்போது வரும்? வரைபடமும் ஆவணங்களும் மாநில வரி வாரியத்துக்கு (அங்கே போர்டு ஆஃப் ஈக்வலைசேஷன் என்பார்கள்) எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தன என்பதைப் பொறுத்தது அது. 2025 டிசம்பர் 1க்குள் சேர்ந்திருந்தால் 2026–27 வரிப் பட்டியலில் மாற்றம் ஏறும். 2026 டிசம்பரில் முதல் தவணைப் பணம் வரும். டிசம்பர் 3 அன்று சேர்ந்தால் 2027 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் தாமதத்துக்கு ஓர் ஆண்டு வருமானம் போய்விடும்.

எல்லைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பலரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கோடு எங்கே போக வேண்டும் என்று வாதிடுகிறார்கள். 1963 முதல் கலிஃபோர்னியாவில் வந்த திருத்தங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளையே சுற்றி வருகின்றன: வரிப்பணம் யாருக்குப் போகும், யார் கையெழுத்துப் போட்டால் வேலை நின்றுபோகும். கோடு அதற்குப் பிறகுதான்.

சிறப்பு மாவட்டம் என்றால்

நம் ஊர் மாவட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் மாவட்டத்துக்கு ஓரளவு இணையாகச் சொல்லக்கூடியது கவுண்டி. கலிஃபோர்னியாவில் 58 உண்டு. சிறப்பு மாவட்டம் ஒரே ஒரு வேலைக்காக, அல்லது சில வேலைகளுக்காக அமைக்கப்பட்ட தனி அரசு அமைப்பு. குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு, மருத்துவமனை, கல்லறை, கொசு ஒழிப்பு, பூங்கா என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாவட்டம் இருக்கலாம். 1887இல் வந்த ரைட் சட்டத்தின் கீழ் அதே ஆண்டில் உருவான டர்லாக் பாசன மாவட்டம்தான் இந்த வகையில் முதலாவது. இன்று மக்களே தேர்ந்தெடுக்கும் தனிச் சபை கொண்ட மாவட்டங்கள் மட்டும் ஏறத்தாழ 2,000. அவற்றின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதால், ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகள் வேறு வேறு தீயணைப்பு மாவட்டத்தில் இருப்பது சாதாரணம்.

கவுண்டி எல்லைக்கு நியாயம் வேறு. 58 கவுண்டிகளின் எல்லையும் மாநில அரசுச் சட்டத் தொகுப்பில் கவுண்டிக்கு ஒரு பிரிவாக எழுத்திலேயே இருக்கிறது. எல்லையை மாற்ற, பாதிக்கப்படும் ஒவ்வொரு கவுண்டியின் ஆட்சிக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது மாநில அரசியலமைப்பின் 11ஆம் கட்டுரை. புதிய கவுண்டி அமைக்கவோ இரண்டை ஒன்றாக்கவோ, பாதிக்கப்படும் ஒவ்வொரு கவுண்டியிலும் வாக்காளர் பெரும்பான்மை தேவை. 1907இல் சான் டியேகோவிலிருந்து இம்பீரியல் கவுண்டி பிரிந்ததற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்கவில்லை. சான்டா பார்பராவின் வடபகுதியை மிஷன் கவுண்டியாகப் பிரிக்கும் யோசனை 2006 ஜூனில் வாக்குக்கு வந்து படுதோல்வி அடைந்தது. புதிய கவுண்டி வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்று ஆய்வுக் குழு முன்கூட்டியே சொல்லியிருந்தது. இந்தக் கதவு பூட்டியே கிடப்பதால், நடைமுறையில் நகரும் கோடுகளெல்லாம் நகரங்களுடையவும் சிறப்பு மாவட்டங்களுடையவும்தான்.

லாஃப்கோ

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரங்கள் போட்டி போட்டு நிலத்தை இழுத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. சான் ஹோசேயில் 1950 முதல் 1969 வரை நகர மேலாளராக இருந்த டச் ஹாமன் காலத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் நடந்தன. 17 சதுர மைலாக இருந்த நகரம் 130 சதுர மைலைத் தாண்டியது. சாலையை ஒட்டிக் கயிறு போல ஒரு துண்டு, அதன் நுனியில் ஒரு வயல், நடுவில் யாருக்கும் சேராத தீவுகள் என்று வரைபடம் கிழிந்த துணி போல ஆனது. அதைத் தடுக்க 1963இல் நாக்ஸ்–நிஸ்பெட் சட்டம் ஒவ்வொரு கவுண்டியிலும் உள்ளாட்சி அமைப்பு ஆணையம் ஒன்றை உண்டாக்கியது. அதன் சுருக்கப் பெயர்தான் லாஃப்கோ. 1965, 1977 சட்டங்கள் 1985இல் அதோடு ஒரே சட்டமாகத் திரட்டப்பட்டன. 2000இல் அது கார்டெஸ்–நாக்ஸ்–ஹெர்ட்ஸ்பெர்க் சட்டமாக விரிந்தது. இன்று நடப்பில் இருப்பது அதுவே.

வழக்கமாக ஆணையத்தில் கவுண்டி மேற்பார்வையாளர் (கவுண்டியின் ஆட்சிக் குழு உறுப்பினர்) இருவர், நகர மன்ற உறுப்பினர் இருவர், பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருப்பார்கள். பல கவுண்டிகளில் சிறப்பு மாவட்டங்களுக்கும் இரண்டு இருக்கை உண்டு. ஒவ்வொரு நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் வருங்காலத்தில் எதுவரை விரியலாம் என்று ஒரு வெளி எல்லையை இந்த ஆணையம் குறித்து வைக்கிறது. துறையில் அதை ஸ்ஃபியர் என்றே சொல்வார்கள். ஸ்ஃபியருக்கு வெளியே இருக்கும் நிலத்தை இணைக்க வேண்டுமென்றால் முதலில் ஸ்ஃபியரைத் திருத்த வேண்டும். ஸ்ஃபியரைத் திருத்துவதற்கு முன் அந்தப் பகுதியின் சேவைகளைப் பற்றிய ஆய்வறிக்கை கையில் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேவைக்கேற்பப் புதுப்பிக்க வேண்டிய இந்த ஆய்வு பழையதாகிக் கிடந்தால், அவசரமாக வரும் விண்ணப்பம் அங்கேயே மாதக்கணக்கில் நின்றுவிடும்.

விண்ணப்பம் போகும் வழி

பெரும்பாலான இணைப்புகள் மாவட்டச் சபை நிறைவேற்றும் தீர்மானத்தில் தொடங்குகின்றன. மக்கள் மனு கொடுத்தும் தொடங்கலாம். தீர்மானத்தோடு சேவைத் திட்டம் வைக்க வேண்டும்: என்ன சேவை, எந்த அளவில், எப்போது, எந்தக் குழாய் அல்லது நிலையத்தை மேம்படுத்த வேண்டும், பணம் எங்கிருந்து. "ஏற்கெனவே போதுமான வசதி உள்ளது" என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பும் திட்டம் திரும்பி வரும். சுற்றுச்சூழல் ஆவணமும் வேண்டும். வென்சுரா கவுண்டி லாஃப்கோ மீதான போசுங் வழக்கில் 1975இல் மாநில உச்ச நீதிமன்றம், இணைப்புக்குத் தரும் அனுமதியும் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் ஒரு செயல்திட்டமே என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே கட்டி முடித்த பகுதிக்கு விலக்கு உண்டு. வெற்று நிலத்துக்கு அது எளிதில் கிடைக்காது.

விண்ணப்பம் முழுமையா என்று லாஃப்கோவின் நிர்வாக அதிகாரி 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். முழுமை என்றால் தாக்கல் சான்றிதழ் தருவார். அதிலிருந்து 90 நாளுக்குள் விசாரணை. விசாரணைக்கு 21 நாள் முன் அறிவிப்பு, ஐந்து நாள் முன் அதிகாரியின் அறிக்கை. ஆணையம் ஏற்றுக்கொண்டால் மறுபரிசீலனை கேட்க 30 நாள் உண்டு. அதன்பின் ஆட்சேப விசாரணை. எல்லாம் ஓர் ஆண்டுக்குள் முடிந்து நிறைவுச் சான்றிதழ் பதிவாக வேண்டும். நீட்டிப்பு வாங்கவில்லை என்றால் முழு முயற்சியும் காலாவதியாகும். விதித்த நிபந்தனையை நிறைவேற்றாமல், கட்டணத்தையும் கட்டாமல், பதினோராவது மாதத்தில் விழித்துக்கொள்ளும் விண்ணப்பதாரர்கள் உண்டு.

வரி ஒப்பந்தம் என்ற பூட்டு

காகிதத்தில் இந்தக் கால அட்டவணை நேர்த்தியாக இருக்கிறது. வருவாய், வரிச் சட்டத்தின் 99ஆம் பிரிவு அதற்குள் ஒரு பூட்டைப் போட்டு வைத்திருக்கிறது. சொத்து வரியை எப்படிப் பங்கிடுவது என்று ஒப்பந்தம் ஆகாமல் தாக்கல் சான்றிதழ் தரக் கூடாது. கவுண்டி மதிப்பீட்டாளர் நிலத்தின் மதிப்பைச் சொல்ல, கவுண்டி தணிக்கையாளர் அதில் எவ்வளவு வரி யாருக்குப் போகிறது என்று கணக்குக் கொடுக்க, அதன்பின் 60 நாள் பேச்சுவார்த்தை. ஒப்பந்தம் ஆகவில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். லாஃப்கோ ஆணையர்கள் ஏழு பேரும் ஆதரவாக இருந்தாலும் அது அவர்கள் மேசைக்கு வராது.

இதன் வேர் 1978இல் வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவில் இருக்கிறது. பொதுச் சொத்து வரி மதிப்பில் ஒரு சதவீதத்துக்குமேல் போகக் கூடாது என்று அது கட்டியது. அந்த ஒரு சதவீதத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரித்தது 1979 சட்டம். 1970களின் நடுவில் யார் எவ்வளவு வசூலித்தார்களோ அந்த விகிதம் அப்படியே உறைந்தது. அன்று வயல் நடுவே தன்னார்வலர்களை வைத்துக் குறைந்த வரியில் நடந்த தீயணைப்பு மாவட்டம், இன்று அதே இடத்தில் நகரமே எழுந்த பிறகும் அதே பங்கைத்தான் வாங்குகிறது.

கிழக்குக் கான்ட்ரா கோஸ்டாவில் நடந்தது இதுதான். 2002இல் மூன்று சிறு தீயணைப்பு மாவட்டங்களைச் சேர்த்து அங்கே ஒரு பெரிய மாவட்டம் உருவானது. பிரென்ட்வுட், ஓக்லி ஊர்கள் பெருத்தன. வரிப் பங்கோ அண்டையில் இருந்த கவுண்டித் தீயணைப்பு மாவட்டத்தின் பங்கில் ஏறத்தாழப் பாதியாகவே நின்றது. எட்டாக இருந்த நிலையங்கள் மூன்றாகச் சுருங்கின. 2012இல் கூடுதல் வரி கேட்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள், மக்கள் மறுத்தார்கள். கடைசியில் 2022 ஜூலை 1 அன்று அந்த மாவட்டம் கவுண்டித் தீயணைப்பு மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. இணைப்பால் மட்டும் நிலையங்கள் திரும்பவில்லை. உறைந்த பங்கு அப்படியேதான் இருந்தது. 2020 நவம்பரில் கவுண்டி வாக்காளர்கள் ஏற்ற, டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரியிலிருந்து கவுண்டி கொடுத்த பணம் வந்த பிறகே நிலையங்களைத் திறக்க வழி பிறந்தது. எல்லையைச் சேர்த்தால் செலவு குறையும் என்று வாக்குறுதி தருகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சேர்ப்பால் நிர்வாகம் சீராகும், பொருள் வாங்குவது மலிவாகும். இல்லாத வரியை அது உண்டாக்காது.

இன்னொரு குறை எங்களுக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. நகரம் நிலத்தை இணைக்கும் வழக்கமான பேச்சுவார்த்தையில் சிறப்பு மாவட்டம் மேசையில் உட்காராது. அதன் சார்பில் கவுண்டி மேற்பார்வையாளர் குழுவே பேசும். பேசுமுன் மாவட்டத்தைக் கலந்து கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கருத்தை ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. பணத்தை இழக்கப் போகிற அமைப்புக்கு, இழப்பைப் பேசும் இடத்தில் வாக்கு இல்லை.

சான் ஹோவாக்கின் கவுண்டியில் இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் மவுன்டன் ஹவுஸ் 2024 மார்ச்சில் வாக்களித்து ஜூலை 1 அன்று நகரமானபோதும் இதே பூட்டின் இன்னொரு வடிவம் இருந்தது. 1996 முதல் அது சமுதாயச் சேவை மாவட்டம். மாவட்டம் நகரமாக மாறும்போது, கவுண்டி இழக்கும் வரவும் கவுண்டிக்குக் குறையும் செலவும் பெரும்பாலும் சமமாக வேண்டும் என்பது விதி. வித்தியாசம் இருந்தால் புதிய நகரம் ஆண்டுக்கணக்கில் கவுண்டிக்கு ஈடுகட்ட நேரிடும். மவுன்டன் ஹவுஸுக்கு முன் கடைசியாக உருவான நகரம் 2011இல் ஹுரூபா வேலி. இடைவெளி அவ்வளவு நீண்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

யார் தடுக்கலாம்

ஆட்சேப விசாரணையில் ஆணையம் தகுதியைத் திரும்ப எடைபோடாது. எழுத்தில் வந்த ஆட்சேபங்களை எண்ணும், அவ்வளவே. 12 அல்லது அதற்குமேல் பதிவுபெற்ற வாக்காளர் இருந்தால் அது குடியிருக்கும் பகுதி. அங்கே வாக்காளர்களில் 25 சதவீதத்துக்குக் கீழ் எதிர்த்தால் இணைப்பு நிறைவேறும். 25 முதல் 50க்குள் என்றால் வாக்கெடுப்பு. 50ஐத் தொட்டால் முயற்சி செத்துப்போகும். நில உரிமையாளர்களும் வாக்கெடுப்பைக் கொண்டுவரலாம்: எண்ணிக்கையில் 25 சதவீதமும் நில மதிப்பில் 25 சதவீதமும் சேர வேண்டும். குடியிருப்பில்லாத பகுதியில் நில மதிப்பில் பாதி வைத்திருப்பவர் எதிர்த்தாலே முடிந்தது.

எண்ணும்போது வீணாகும் ஆட்சேபங்கள் நிறைய. தேதி இல்லாதது, அறிவிப்பு வருமுன் போட்ட கையெழுத்து, வாக்காளர் பட்டியலில் உள்ள முகவரியோடு பொருந்தாதது, வாடகைக்கு இருப்பவர் நில உரிமையாளர் என்று எழுதியது. சந்தேகம் இருந்தால், தான் வாக்காளரா உரிமையாளரா என்று தெளிவாக எழுதி, பெயர், முகவரி, தேதியோடு கையெழுத்திட்டு, விசாரணை முடியுமுன் கொடுப்பதே பாதுகாப்பு.

லாஃப்கோ தானே முன்வந்து ஒரு மாவட்டத்தைக் கலைக்கப் பார்த்தால் வரம்பு வேறாக இருந்தது: 10 சதவீத ஆட்சேபமே வாக்கெடுப்புக்குப் போதும். அந்தத் தேர்தல் செலவை நினைத்து, சேவையே செய்யாத மாவட்டத்தைக்கூடத் தொட ஆணையங்கள் தயங்கின. 2017இல் வந்த எஸ்.பி. 448 (எஸ்.பி. என்றால் செனட் மசோதா) செயலற்ற மாவட்டங்களுக்கு மட்டும் குறுக்கு வழி தந்தது: மாநிலக் கணக்குத் தலைவர் பட்டியல் வெளியிடுவார், லாஃப்கோ 90 நாளுக்குள் கலைப்பைத் தொடங்கும், ஆட்சேபக் கணக்கு இல்லை. 2022இல் நிறைவேறிய எஸ்.பி. 938 இன்னும் ஒரு படி போனது. நீண்ட காலச் சேவைக் குறைபாடு, பொதுப் பணத்தைச் சட்டத்துக்கு மாறாகச் செலவிட்டது, பொது ஆவணங்களை மக்களுக்குத் தரும் சட்டத்தைத் தொடர்ந்து கடைப்பிடிக்காதது போன்ற காரணம் ஆய்வறிக்கையில் ஆதாரத்தோடு இருந்தால் வரம்பு 25 சதவீதமாக உயரும். அதற்கு ஈடாக மாவட்டத்துக்குக் குறைந்தது 12 மாதம் திருந்த அவகாசம், இரண்டு பொது விசாரணை, 60 நாள் ஆட்சேபக் காலம். நியாயமான பேரம் என்றே எங்கள் கருத்து: சோம்பலாக நடக்கும் சபைக்கு எச்சரிக்கை கிடைக்கிறது, உழைக்கும் சபைக்குத் திடீர்க் கலைப்பு வராது. பலவீனம் ஆய்வறிக்கையில் இருக்கிறது. ஒன்றிரண்டு ஊழியரை வைத்து நடக்கும் சிறு கவுண்டி லாஃப்கோ அத்தகைய ஆதாரத்தைத் திரட்ட எங்கே போகும்?

கோடு நகராமல் குழாய் மட்டும்

நகர எல்லைக்கு ஒட்டினாற்போல் ஏழைக் குடியிருப்பு இருக்கும். நகரம் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் வெற்று நிலத்தை இணைக்கும். கடை வந்தால் விற்பனை வரி வரும். பழைய குடியிருப்பு வந்தால் குழாய் மாற்றும் செலவு வரும். 2011இல் வந்த எஸ்.பி. 244 இதைத் தொட்டது. 10 ஏக்கருக்குமேல் இணைக்கும்போது ஒட்டியிருக்கும் பின்தங்கிய குடியிருப்பையும் சேர்த்துக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வாழ்பவர்களே பெரும்பாலும் வேண்டாம் என்றால் விலக்கு. 2015இன் எஸ்.பி. 88 வேறு பாதையில் போனது: மாசுபட்ட நீர் தரும் சிறு அமைப்பை அண்டை அமைப்போடு சேர்க்க மாநில நீர் வாரியமே ஆணையிடலாம். அதன்படி 2016இல் டுலேரி நகரம் மத்தேனி டிராக்ட் குடியிருப்புக்கு நீர் தர ஆணை வந்தது. வீட்டுக்கு நல்ல நீர் வந்தது. நகர எல்லை நகரவில்லை. நீர்க் கட்டணத்தை நிர்ணயிக்கும் நகர மன்றத்துக்கு அந்த மக்கள் வாக்களிக்க முடியாது. ஆபத்துக்கு இது சரியான மருந்து. நிரந்தர ஏற்பாடாக இது போதாது.

வரைபடத்தில் நேரும் பிழைகள்

மாநில வரி வாரியம் கேட்பது, வேறு எந்த ஆவணத்தையும் பார்க்காமலே எல்லையைத் தரையில் நடந்து பார்க்கக்கூடிய எழுத்து விவரணை. தொடக்கப் புள்ளி ஏற்கெனவே இருக்கும் மாவட்ட எல்லையோடு கட்டப்பட வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் திசைக் கோணமும் நீளமும் வேண்டும். கடைசி வரி தொடங்கிய புள்ளியிலேயே வந்து மூட வேண்டும். மதிப்பீட்டாளரின் மனை எண்ணை மட்டும் குறிப்பிட்டால் தள்ளுபடி, ஏனென்றால் அந்த வரைபடம் வரிக்காக வரைந்தது, சர்வே இல்லை. வரைபடத்தில் ஒரு நீளம், எழுத்தில் இன்னொரு நீளம் என்பது அடிக்கடி வரும் பிழை. இன்னொன்று சாலை: மனைகளை இணைத்துவிட்டு நடுவில் போகும் பொதுச் சாலையை விட்டுவிடுவார்கள். பின்னால் அந்தச் சாலையில் விபத்து நேரும்போது எந்த மாவட்டத்தின் வண்டி போக வேண்டும் என்று தெரியாது. விசாரணைக்கு முன்பே கவுண்டி சர்வேயரிடம் கொடுத்துச் சரிபார்த்தால் இவை எல்லாம் சில நாள் வேலை. ஆணைக்குப் பின் கண்டுபிடித்தால் டிசம்பர் 1 கைநழுவும்.

வழக்குச் செலவு யாருடையது

பிஸ்மோ பீச் நகரத்தோடு 154 ஏக்கரை இணைக்கும் விண்ணப்பத்தை சான் லூயிஸ் ஒபிஸ்போ லாஃப்கோ மறுத்தது. நகரமும் நில மேம்பாட்டு நிறுவனமும் வழக்குத் தொடுத்துத் தோற்றன. விண்ணப்பப் படிவத்தில் வழக்குச் செலவை ஏற்போம் என்று கையெழுத்திட்டிருந்தீர்களே என்று ஆணையம் கேட்க, அப்படிக் கேட்க ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலம் முழுதும் லாஃப்கோக்களின் படிவங்களில் இருந்த அந்த வரி ஒரே நாளில் செல்லாக்காசானது. 2024இல் நிறைவேறிய எஸ்.பி. 1209, விண்ணப்பதாரரிடம் அந்த உறுதிமொழியைக் கேட்க லாஃப்கோவுக்கு வெளிப்படையான அதிகாரம் தந்தது. அதற்கு முன் போட்ட பழைய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு தைரியமாக இருக்கும் ஆணையம், படிவத்தைப் புதிதாக எழுதிக்கொள்வது நல்லது.

அடுத்து திருத்த வேண்டியவை

99ஆம் பிரிவில், பங்கை இழக்கும் மாவட்டத்தின் சம்மதம் இல்லாமல் அதன் வரியை மாற்ற முடியாது என்ற வரி வேண்டும். முழுத் தடை அதிகாரம் தர மனமில்லை என்றால், நகரத்துக்கும் கவுண்டிக்கும் இன்று இருக்கும் நடுவர் ஏற்பாட்டை மாவட்டத்துக்கும் விரிக்கலாம். டிசம்பர் 1ஐப் பொறுத்தவரை, குறித்த நாளில் வந்து சிறு பிழைக்காகத் திரும்பிய ஆவணத்தைத் திருத்தித் தர 30 நாள் தந்தாலே பல மாவட்டங்கள் ஓர் ஆண்டு வருமானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். இரண்டாவது திருத்தத்தால் யாருக்கும் இழப்பில்லை; சிறு திருத்தங்களைச் சேர்த்து லாஃப்கோ சட்டத்துக்கு அடிக்கடி வரும் தொகுப்பு மசோதாவிலேயே அதை வைக்கலாம். முதலாவது கவுண்டிகளின் பணத்தைத் தொடுகிறது. அதற்குத் தனி மசோதா வேண்டும், மாநிலச் செனட்டிலும் சட்டசபையிலும் உள்ள உள்ளாட்சிக் குழுக்களில் கவுண்டிகளின் எதிர்ப்பை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். புதிய மசோதாவைத் தாக்கல் செய்ய பிப்ரவரி நடுவிலோ இறுதியிலோ கெடு வந்துவிடும். நிறைவேறினாலும் அடுத்த ஜனவரி 1 அன்றுதான் அமலாகும். திருத்தம் வேண்டும் என்று நினைக்கும் மாவட்டச் சபை, வரைவையும் தன் கவுண்டியின் கடந்த சில இணைப்புகளில் இழந்த தொகையின் கணக்கையும் இலையுதிர் காலத்திலேயே தன் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்.